மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தைப் படகில் பார்க்க: ஓட்டியைத் தேடுவதிலிருந்து கரை திரும்பும் வரை

வாகரையிலிருந்து பாணமை வரை நீளும் கிழக்குக் கரையோரத்தைத் தரையில் நின்று பார்ப்பவருக்குத் தென்னையும் சவுக்கும் மீன்வாடிகளும் நிறைந்த ஒரே நேர்கோடாகத்தான் அது தெரியும். நீரின் மேலிருந்து பார்க்கும்போதுதான் வாவியின் வாய் எங்கே கடலோடு சேருகிறது, மணல்நாக்கு எப்படி நீள்கிறது, பாறைகள் எந்த இடத்தில் கரையைவிட்டு வெளியே வந்து நிற்கின்றன என்பவையெல்லாம் விளங்குகின்றன. இந்தக் காட்சிக்காகப் படகு பிடிக்க நினைக்கும் குடும்பங்களையும், விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர் உறவுகளையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, படகுக்கு எவ்வளவு என்பதுதான். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த நீருக்குப் போகிறோம், எந்த மாதத்தில் எத்தனை மணிக்குப் போகிறோம், யார் ஓட்டுகிறார் என்ற மூன்றும் தீர்ந்த பின்னர் கூலி தானாகவே ஓர் எல்லைக்குள் வந்துவிடும். அவற்றைத் தீர்க்காமல் கூலியை மட்டும் குறைத்துப் பேசி ஏறுபவர், குறைத்த பணத்துக்கு ஈடாக எதை விட்டுக்கொடுத்தார் என்பதைக் கடலுக்குள் போன பிறகே அறிவார்.

எந்த நீர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் படகில் பார்க்கத்தக்க நீர் மூன்று வகைப்படும்: வாவியும் களப்பும் ஒன்று, பாறைத்தொடர் காக்கும் குடா இன்னொன்று, திறந்த கடல் மூன்றாவது. மூன்றுக்கும் படகும் ஓட்டியும் நேரமும் வேறு வேறு. முதன்முறை ஏறுபவர்களும், சிறு பிள்ளைகளையோ முதியவர்களையோ கூட்டிவருபவர்களும் வாவியில் தொடங்குவதே முறை.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. தெற்கே அம்பாறை மாவட்டத்தின் எல்லைக்குள்ளும் அது நீள்கிறது. கல்லடிப் பாலத்தின் அருகிலோ புளியந்தீவுக் கரையிலோ ஏறி, கோட்டை மதிலை நீர்ப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு, வடக்கே பாலமீன்மடு வெளிச்சவீடு வரை சென்று திரும்புவது நகரத்தையொட்டிய வழக்கமான ஓட்டம். கோட்டை 1628 இல் போர்த்துக்கேயர் கட்டியது. பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். நீருக்கு நடுவிலிருந்து பார்க்கையில்தான் அந்த இடத்தைப் போர்த்துக்கேயர் ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பது புரிகிறது: வாவிக்குள் வரும் எந்தத் தோணியும் அதன் கண்ணில் படாமல் போக முடியாது. வெளிச்சவீடு 1913 ஆம் ஆண்டையது. அதைச் சுற்றிக் கண்டல் மரங்கள் மூடிய சிறு தீவுகளும் ஒடுங்கிய நீர்வழிகளும் உள்ளன. இரண்டு மணித்தியாலம் ஒதுக்குபவர்கள் பாலத்திலிருந்து ஓடிவருவதைவிட நேராகப் பாலமீன்மடுவில் ஏறி, அந்த நீர்வழிகளுக்குள்ளேயே மெதுவாகச் சுற்றுவதுதான் என் தெரிவு. நகரப் பக்கத்தைப் பாலத்தில் நின்றும் பார்த்துக்கொள்ளலாம்.

வாவியைப் பார்க்க வேண்டும், ஆனால் செலவு செய்ய மனமில்லை என்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில், வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையையும் மேற்குப் பக்கமான படுவான்கரையையும் இணைத்து ஓடும் ‘பாதை’ என்ற மிதவையில், மோட்டார் சைக்கிள்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டே ஒருமுறை அக்கரை போய்த் திரும்பலாம். மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கும் இதுவே வழக்கம். நீரின் குணத்தை அறிய விரும்புபவருக்கு இதைவிட மலிவான பாடம் கிடையாது.

குடா என்றால் பாசிக்குடா. நகரிலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் அளவில் இருக்கும் இந்தக் குடாவில் வெகுதூரம் வரை இடுப்பளவு நீர்தான். வெளியே உள்ள பாறைத்தொடர் அலையை உடைத்துவிடுவதால், உள்ளே நீர் அசைவு குறைந்து கிடக்கும். பவளப்பாறையைப் பார்க்க விரும்புபவர்கள் அங்கிருந்தோ கல்குடாவிலிருந்தோ வடக்கே காயான்கேணிப் பக்கம் செல்கிறார்கள். காயான்கேணி 2019 இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அதன் பொருள் என்ன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

திறந்த கடலில் போக விரும்புபவர்களுக்கு அறுகம்பையிலிருந்து தெற்கே யானைப் பாறை, முதலைப் பாறைப் பக்கம் போகும் ஓட்டம் அழகானது. ஆனால் அங்கே படகு மணலிலிருந்து அலைக்குள் தள்ளித்தான் இறக்கப்படும். நனையாமல் ஏறுவது நடவாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஏற்றம் ஏற்றதல்ல. அவர்கள் பொத்துவில் களப்பில் உள்ளூர் மீனவர்கள் துடுப்பு வலித்துக் கூட்டிச்செல்லும் தோணியில் போகலாம். இயந்திர ஓசை இல்லாததால் கொக்கும் நாரையும் பக்கத்தில் வரும்வரை பறக்காமல் நிற்கின்றன. கரையில் முதலை வெயில் காய்வதையும் அங்கே பார்க்கலாம்.

ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கக் கூட்டிச்செல்லுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. ஆழ்கடல் சுழியோட்டத்தில் விசேட பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே அது காணக் கிடைக்கும். படகிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது நீலத் தண்ணீர் மட்டும்தான். அதற்காக எரிபொருளை எரிக்க வேண்டியதில்லை.

மாதமும் காற்றும்

தென்மாகாணக் கடற்கரையை நினைத்துக்கொண்டு திசெம்பர் விடுமுறைக்குக் கிழக்குக்கு வருபவர்கள் ஏமாறுகிறார்கள். ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கிப் பெப்ரவரி வரை நமது கடல் வாடைக்காற்றுக்கு உரியது. மழை வெள்ளம் இறங்கி வாவி கலங்கியிருக்கும். கடல் இரைந்துகொண்டே இருக்கும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவதும் இந்தக் காலத்தில்தான். மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளி 1978 நவம்பர் 23 இல் வந்தது என்பதை வயதானவர்கள் இன்றும் ஆண்டுக்கணக்கு வைக்கப் பயன்படுத்துகிறார்கள். இந்த மாதங்களில் வாவிக்குள்ளே, மழையற்ற ஒரு காலையில், சிறு ஓட்டம் போவதற்கு மேல் எதையும் திட்டமிட வேண்டாம்.

மார்ச்சு பிற்பகுதியிலிருந்து செத்தெம்பர் வரை கடல் திறந்திருக்கும். அதிலும் ஏப்ரல், மே மாதங்களின் விடிகாலைகளில் கடல் அசையாமல் கிடக்கும். ஏப்ரலில் பின்னேரம் இடியோடு மழை இறங்குவது வழக்கமாதலால், அதற்கு முன்னரே கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அந்த மாதங்களின் கட்டுப்பாடு.

ஜூன் முதல் ஓகஸ்ட் வரையிலான காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியூர்க்காரர் ஏமாறுவது இங்கேதான். அப்போது வீசும் கச்சான் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. வெயில் ஏற ஏற அது வலுக்கும். தரையிலிருந்து வீசுவதால் கரையோரக் கடலில் அலை எழுவதில்லை. மணலில் நின்று பார்ப்பவருக்குக் கடல் இஸ்திரி போட்ட துணி போலத் தெரியும். இவ்வளவு அமைதியான கடலில் ஏன் போக முடியாது என்று ஓட்டியிடம் வாதாடுபவர்கள் இதைத்தான் பார்த்துவிட்டு வாதாடுகிறார்கள். உண்மையில் கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் போனதும் அலை தெரியத் தொடங்கும். திரும்பிவருகையில் காற்று முகத்தில் அடிக்கும், ஒவ்வொரு அலையும் படகின் முன்பகுதியான அணியத்தில் உடைந்து எல்லோரையும் நனைக்கும், போகும்போது ஆன நேரத்தைவிட வரும்போது கூடுதலாக ஆகும். அதைவிட மோசமானது, இயந்திரம் நின்றுவிட்டால் படகு கரைக்கு ஒதுங்காது. கிழக்கே, கடலுக்குள்ளேதான் தள்ளப்படும். எனவே கச்சான் காலத்தில் திறந்த கடல் ஓட்டத்தை விடியும்போதே தொடங்கி, ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

வாவியிலும் இதே காற்றுக்குக் கணக்கு உண்டு. கச்சான் குறுக்கே வீசுவதால் எழுவான்கரைப் பக்கம் சிற்றலை எழுந்து படகை அடிக்கும். படுவான்கரைப் பக்கம் மரநிழலில் நீர் ஓய்ந்திருக்கும். பத்து மணிக்குப் பின்னர் வாவியில் இருக்க நேர்ந்தால் மேற்குக் கரையை ஒட்டியே வரும்படி கேட்டுக்கொள்ளலாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு நாளும் கடற்பிரதேசங்களுக்கான அறிக்கையைத் தமிழிலும் வெளியிடுகிறது. அதில் மழை பற்றிய வரியை விட்டுவிட்டு, திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரை அமைந்த கடற்பரப்புக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பதைத் தேடுங்கள். காற்றின் வேகம், அது இடைக்கிடை எவ்வளவுக்குக் கூடலாம் என்ற இரண்டு எண்களில் இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். அது மணிக்கு 40 கிலோமீற்றரை எட்டினால் குடும்பத்தோடு கடலுக்குப் போக வேண்டாம் என்பது என் அளவுகோல். 50 ஐத் தாண்டினால் வாவியையும் விட்டுவிடுங்கள்.

வாவி நீருக்குள்ளிருந்து எழும், ‘பாடும் மீன்’ என்று சொல்லப்படும் ஓசையைக் கேட்க விரும்புபவர்களுக்கு மட்டும் நேரம் தலைகீழாக மாறும். 1848 இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த ஓசையைக் கேட்டு எழுதிவைத்த காலத்திலிருந்து, பூரணை இரவில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்திக் காது கொடுப்பது வழக்கமாகிவிட்டது. துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். காற்றில்லாத, பின்னிரவு நேரம் வேண்டும்; பாலத்தில் வாகன ஓட்டம் ஓயவும் வேண்டும். கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அதற்குக் கூலியைக் குறைக்கும்படி ஓட்டியிடம் கேட்பது நியாயமில்லை. இரவு ஓட்டமென்றால் படகில் விளக்கு இருக்க வேண்டும், இறால் வலைகள் எங்கே கட்டியிருக்கின்றன என்பதை அறிந்த ஆளாகவும் அவர் இருக்க வேண்டும்.

ஓட்டியைத் தேடுவது

பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல் மூலமே படகு ஒழுங்கு செய்யலாம். பாலமீன்மடு, கல்லடி, வாகரைப் பக்கங்களில் கரைக்கு நேரே போய்ப் பேசுவதுதான் வழி. ஹோட்டல் மூலம் போகும்போது கூலி கூடும். ஆனால் பிரச்சினை வந்தால் கேட்க ஓர் ஆள் இருப்பார். கரையில் நேரே பேசும்போது பணம் முழுவதும் ஓட்டிக்கே போகும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், ஆனால் அதற்கு முதல்நாள் பின்னேரம் ஒருமுறை கரைக்குப் போய்வர வேண்டும்.

காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கரைக்குப் போனால் தொழிலுக்குப் போய் வந்தவர்கள் வலையிலிருந்து மீன் தட்டிக்கொண்டிருப்பார்கள். அது பேச்சுக்குரிய நேரமல்ல. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வலை பொத்திக்கொண்டோ சும்மா இருந்தோ கதைத்துக்கொண்டிருப்பார்கள். அப்போது போய், நாளைக்குப் போகலாமா என்று மட்டும் கேளுங்கள். எப்போதும் போகலாம், எங்கும் போகலாம் என்பவரைவிட, கேள்வியைக் கேட்டதும் மேற்கே திரும்பி மரக்கிளையைப் பார்ப்பவர் நல்லவர். "இண்டைக்கு ஏலா தம்பி, கச்சான் எழும்பிட்டு. விடியச் சாமம் வாங்க, பாத்துப் போவம்" என்று ஒருவர் வந்த கூலியை வேண்டாமென்று சொன்னால், மறுநாள் அவரிடமே போங்கள்.

வயதில் மூத்தவரை அண்ணன் என்றோ ஐயா என்றோ, முஸ்லிம் ஊர்களில் காக்கா, நானா என்றோ அழைத்துப் பேசத் தொடங்கினால் பேச்சு இலகுவாகும். நாளைத் தெரிவதிலும் இதே கவனம் வேண்டும். ஓட்டமாவடி, காத்தான்குடி, கல்முனை, பொத்துவில் பக்கங்களில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முன்னர் ஆட்கள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். கிறிஸ்தவ மீனவர்கள் ஞாயிறு காலை பூசைக்குப் போவார்கள். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தன்று பாலமீன்மடு வீதி நிறைந்துவிடும். இவற்றைத் தெரியாமல் நாள் குறித்துவிட்டு, வரவில்லையென்று குறைப்படுவதில் பயனில்லை.

படகைப் பார்வையிடுதல்

பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது பதினெட்டு, பத்தொன்பது அடி நீளமான பைபர் படகு; பின்னால் 8 முதல் 25 குதிரைவலு வரையான வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியிருக்கும். அணியத்தின் பக்கத்தில் கடற்றொழில் திணைக்களப் பதிவிலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவிலக்கம் இல்லாத படகில் ஏற வேண்டாம். கடற்படையினர் மறித்தால் ஓட்டிக்கும் உங்களுக்கும் அலைச்சல்.

பிறகு இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். நமது கரையில் பல இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆனால் அவை கிளம்புவது பெற்றோலில். சிறிய பெற்றோல் தாங்கியொன்றிலிருந்து தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நடுக்கடலில் நின்று ஆறிப்போன இயந்திரத்தை மீண்டும் எழுப்புவதற்கும் அந்தப் பெற்றோல்தான் வேண்டும். ஆகவே கலன் நிறைய மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாமல், பெற்றோல் எவ்வளவு மீதமிருக்கிறது என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஓட்டி உங்களை வேறு கண்ணால் பார்ப்பார்.

நீரில் நிற்கும்போதே ஒருமுறை தொடக்கிக் காட்டச் சொல்லுங்கள். கயிற்றை இரண்டு, மூன்று தடவை இழுத்ததும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்ததும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரையொன்று பீய்ச்சி அடிக்கும். இயந்திரத்தைக் குளிரவைத்துவிட்டு வெளியே வரும் நீர் அது. அந்தத் தாரை இடைவிடாமல் வந்தால் உள்ளே நீரோட்டம் சரி. விட்டு விட்டு வந்தாலோ வராமலே போனாலோ மணலோ பாசியோ அடைத்திருக்கிறது. அந்த இயந்திரம் அரை மணித்தியாலத்துக்குள் கொதித்து நிற்கும். ஓட்டம் முழுவதிலும், உங்களில் ஒருவர் அந்தத் தாரையில் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

எரிபொருள் கணக்கை நீங்களே போடலாம். 15 குதிரைவலு இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஆறு லீற்றர் எரியும். ஐந்து பேரை ஏற்றிய படகு மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், கல்லடியிலிருந்து வெளிச்சவீடு போய்த் திரும்பும் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றருக்கு, இடையில் சுற்றுவதையும் சேர்த்து, ஒரு மணித்தியால ஓட்டம். அதற்கு ஆறு லீற்றர். மேலும் மூன்று லீற்றர் கையிருப்பு. போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என்ற இந்தக் கணக்கு எந்த ஓட்டத்துக்கும் பொருந்தும்.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று வேண்டும். ஆசனத்தில் மெத்தைபோல விரித்து வைத்திருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கொக்கிகள் பூட்டுகின்றனவா, உள்ளிருக்கும் நுரை நீரில் ஊறிக் கனத்துப்போயிருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளைக்கு அணிவித்துப் பூட்டிய பின்னர் இரு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி மட்டும் எழும்பி, பிள்ளையின் நாடியும் காதும் அதற்குள் புதைந்தால் அது அந்தப் பிள்ளைக்குரிய அளவல்ல. பிள்ளை அளவு அங்கிகள் இங்குள்ள படகுகளில் அரிதாகவே இருக்கின்றன. அதனால் பிள்ளைகளோடு வருபவர்கள் முன்கூட்டியே சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு வருவதே நல்லது.

இவற்றோடு இரண்டு துடுப்பு, நங்கூரமும் நீளமான கயிறும், இறைக்கும் பாத்திரம், மூடி இறுக்கிய வெற்றுக் கலனொன்று ஆகியன இருந்தால் போதும். யாராவது விழுந்தால் எறிவதற்குக் கயிறு கட்டிய அந்த வெற்றுக் கலன் உதவும்.

கூலி பேசுதல்

கூலி எரிபொருள், ஓட்டியின் அன்றைய தொழில், காத்திருக்கும் நேரம் என்ற மூன்றால் ஆனது. எரிபொருள் விலை மாறிக்கொண்டே இருப்பதால் போன ஆண்டு உறவினர் கொடுத்த தொகையைச் சொல்லிப் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. மேலே சொன்ன கணக்கின்படி எத்தனை லீற்றர் வேண்டும் என்று பார்த்து, அன்றைய விலையால் பெருக்கிக்கொண்டால் பேச்சின் அடித்தளம் உங்கள் கையிலேயே இருக்கும். விடிகாலையில் உங்களோடு வருபவர் அன்றைய மீன்பாட்டை இழந்துவிட்டு வருகிறார் என்பதையும் அதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

தொகை ஆளுக்கா, படகுக்கா. மணித்தியாலக் கணக்கா, போய்வரும் ஓட்டத்துக்கா. இடையில் தீவிலோ மணல்திட்டிலோ இறங்கி நின்றால் அந்த நேரமும் சேருமா. காற்றெழும்பி நடுவிலே திரும்பினால் எவ்வளவு கொடுப்பது என்பவற்றை வாய்விட்டுப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நடுவில் திரும்பினால் பணம் போய்விடும் என்ற பயம் ஓட்டிக்கு இருந்தால், திரும்ப வேண்டிய நேரத்தில் அவர் திரும்ப மாட்டார். ஆகவே எப்படித் திரும்பினாலும் பாதிக்குமேல் தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். முற்பணமாக எரிபொருளுக்குரிய தொகையை மட்டும் கொடுத்தால் போதும்.

முந்திய இரவும் புறப்படும் காலையும்

முந்திய இரவு ஓட்டிக்குத் தொலைபேசியில் பேசி நேரத்தை உறுதிப்படுத்துங்கள். கரையில் தங்கும் ஒருவரிடம், எங்கிருந்து ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், ஓட்டியின் இலக்கம் என்ன என்று சொல்லி வையுங்கள். குறித்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினால் அவர் பொலிஸாருக்கு 119 இல் அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்புலன்ஸுக்கு 1990. தேசிய அடையாள அட்டையை அல்லது கடவுச்சீட்டுப் பிரதியைத் தொலைபேசியோடு சேர்த்து நீர் புகாத பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடிநீர், தொப்பி, முழுக்கைச் சட்டை போதும். வயிறு நிறையப் பிட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு ஏறுபவர்களுக்குத்தான் முதலில் தலை சுற்றும். இரண்டு விசுக்கோத்தும் இஞ்சித் தேநீரும் குடித்துவிட்டு, சாப்பாட்டைத் திரும்பி வந்த பின்னர் வைத்துக்கொள்ளலாம். மது அருந்தியவரை, அவர் பயணியாயினும் ஓட்டியாயினும், படகில் ஏற்ற வேண்டாம்.

ஏறும்போது ஒவ்வொருவராக, படகின் நடுவில் கால் வைத்து ஏறி, உடனே உட்கார வேண்டும். கனமானவர்கள் நடுவிலும் பின்னாலும், இலேசானவர்கள் முன்னாலும் இருக்கட்டும். அணியத்தின் நுனியில் ஏறிப் படமெடுக்கும் ஆசையை வாவிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் படகு அலையிலிருந்து இறங்கும்போது அந்த நுனிதான் அதிகம் தூக்கி எறியும்.

நீரின் மேல்

பாலமீன்மடுவில் முகத்துவாரத்தைப் பார்த்ததும் அதைக் கடந்து கடலுக்குள் போய்வரலாமே என்று தோன்றும். போக வேண்டாம். வாவி நீர் வெளியே இழுக்கும் நேரத்தில் கடலலை உள்ளே வந்து மோதும் இடம் அது. மணல் மேடு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று இயந்திரம் தட்டும். தொழிலுக்குப் போகும் மீனவர் தனியாக அதைத் தாண்டுவது வேறு, நீச்சல் தெரியாத ஆறு பேரை ஏற்றிக்கொண்டு தாண்டுவது வேறு. நாவலடிப் பக்க மணலில் படகை ஒதுக்கி இறங்கி நடந்தால், ஒரு பக்கம் வாவியையும் மறுபக்கம் கடலையும் ஒன்றாகப் பார்க்கலாம். 2004 டிசெம்பர் 26 காலையில் சுனாமி நாவலடியை முழுமையாகக் கொண்டுபோனது. அந்த ஒடுங்கிய நிலத்தில் நின்று பார்க்கும்போது அது எப்படி நடந்தது என்பதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

கண்டல் காடுகளுக்குள் நுழையும்போது கிளைகளைப் பிடித்துப் படகை இழுக்காதீர்கள். அங்கே நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலையும் பார்வைக் கேட்டையும் உண்டாக்கும்; தோலிலும் கொப்புளம் போடும். பட்டுவிட்டால் நிறையக் குடிநீரால் கழுவிக்கொண்டு நேராக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாவியிலும் பொத்துவில் களப்பிலும் முதலை உண்டு; கையை நீரில் அளைந்துகொண்டு போவதையும், ஓட்டி காட்டாத இடத்தில் குளிக்க இறங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

காயான்கேணி போன்ற பவளப்பாறைகளின் மேல் நங்கூரம் போடக் கூடாது. மணல் தரையில் போடச் சொல்லுங்கள். பவளத்தின் மேல் காலூன்றி நிற்பதும், உடைந்து கிடக்கும் துண்டையோ சிப்பியையோ நினைவுக்கு எடுத்து வருவதும் கூடாது. சரணாலயத்துக்குள் இவை வெறும் ஒழுக்கக்கேடு அல்ல, சட்ட மீறல். கடலாமையும் அதன் முட்டையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. டொல்பின் கூட்டத்தைக் கண்டால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே வேகத்தைக் குறைத்து நின்றுவிட வேண்டும். துரத்தாத படகைத் தேடி அவை தாமாகவே வருவதுண்டு. தெற்கே உகந்தையைத் தாண்டிக் குமண தேசிய பூங்காவின் கரையில் அனுமதியின்றி இறங்குவதும் குற்றமே.

கரையை ஒட்டிப் போங்கள் என்று வற்புறுத்துவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். காலை வேளையில் கரைவலையின் கயிறு மணலிலிருந்து நெடுந்தூரம் கடலுக்குள் நீண்டு கிடக்கும். அதன் மேல் ஓடினால் கயிறு, நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் காற்றாடியில் சுற்றி இயந்திரம் நிற்பதோடு, வலைக்காரரின் ஒருநாள் உழைப்பும் போய்விடும். ஓட்டி வெளியே சுற்றிப் போனால் எரிபொருளை வீணாக்குகிறார் என்று எண்ண வேண்டாம்.

இயந்திரம் நின்றால்

முதலில் எல்லோரும் அசையாமல் உட்கார வேண்டும். இயந்திரத்தைப் பார்ப்பதற்காக நான்கு பேர் பின்பக்கம் நகர்ந்தால் படகின் பின்பக்கத்தால் நீர் ஏறும். ஆழம் அனுமதித்தால் உடனே நங்கூரத்தைப் போடச் சொல்லுங்கள். கச்சான் காலத்தில் இதைப் பிந்திச் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் படகு கரையைவிட்டு விலகிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான நேரங்களில் காரணம் சிறியது: எரிபொருள் குழாய் கழன்றிருக்கும், பிளக்கில் கரி பிடித்திருக்கும், காற்றாடியில் பாசி அல்லது வலைத்துண்டு சுற்றியிருக்கும். ஓட்டி அவற்றைப் பார்க்கும்போது தொலைபேசியில் சமிக்ஞை இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். இருந்தால் அவருடைய சக மீனவர்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். கரையிலிருந்து முதலில் வந்து சேர்வது அவர்கள்தான். அரை மணித்தியாலத்துக்குள் இயந்திரம் எழும்பாவிட்டால் 119 க்கும் அழைத்து, எந்தக் கரைக்கு நேரே எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதையும், கண்ணில் படும் வெளிச்சவீடு, கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா போன்ற அடையாளத்தையும் சொல்லுங்கள். படகு கவிழ்ந்தாலும் அதை விட்டு நீந்த வேண்டாம்; பைபர் படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் மிதக்கும், தேடுபவர்களுக்குத் தலையைவிடப் படகு எளிதில் தெரியும்.

கரைக்கு வந்ததும்

படகை மணலில் ஏற்றும்போது ஆண்கள் இறங்கித் தோள் கொடுத்தால் ஓட்டிக்கு உதவி. உருளைக்கட்டைக்கு முன்னால் மட்டும் நிற்க வேண்டாம். மீதிப் பணத்தைக் கரையில் வைத்தே, பேசிய தொகையில் குறைவின்றிக் கொடுத்துவிடுங்கள். கயிறு பிடித்த பையனுக்குத் தனியாக ஏதாவது கொடுப்பது வழக்கம். அவர்களிடம் காலையில் பிடித்த மீன் இருந்தால் அங்கேயே வாங்கலாம். சந்தைக்குப் போவதற்கு முன்னர் இருக்கும் விலையும் மீனும் வேறு. ஓட்டியின் இலக்கத்தை ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அடுத்த தடவை நாள் குறிப்பதற்கு முன்னரே அவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.